பெருமாயி சாப்பிடப் போன வாரம்

கொல்லிமலை வாழவந்தி நாட்டில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பெருமாயியைப் பந்தியில் தேடக் கூடாது. அடுப்படியில் தேட வேண்டும். பத்திரிகை வைத்து முறையாக அழைத்த விருந்தாளியாகத்தான் போவாள். பட்டுச் சேலைகூடக் கட்டியிருப்பாள். ஆனால் மண்டபத்துக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடம் அந்தச் சேலை இடுப்பில் ஏறிச் செருகப்பட்டு, சமையல்காரர் கையிலிருந்த கரண்டி இவள் கைக்கு வந்திருக்கும். எப்படி வந்தது என்று சமையல்காரருக்கே தெரியாது.

குற்றம் அவள் மேல் மட்டும் இல்லை. இருபத்தாறு வருடமாக ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையலர். ஆரம்பத்தில் நூற்றுப்பத்துப் பிள்ளைகள், இப்போது நாற்பத்தொன்று. அத்தனை பேருக்கும் சோறு வடித்து, குழம்பு வைத்து, முட்டை வேகவைத்து, மத்தியான மணி அடிப்பதற்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் சமைத்தவர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. மற்றவர்களுக்கு அது விதி. பெருமாயிக்கு மூச்சு விடுவது மாதிரி. இடது உள்ளங்கையைக் குழித்து, ஒரு சொட்டுக் குழம்பை அதில் விட்டு, நாக்கால் தொட்டு, கண்ணை மூடுவாள். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியும் அடுப்படி முழுக்க அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

வீட்டில் இரண்டே பேர். ஆனால் இரண்டு பேருக்கு அளக்க அவள் கைக்குத் தெரியாது. வீட்டுக்காரர் அப்பாசாமி, திங்கட்கிழமை வைத்த குழம்பைப் புதன்கிழமை இலையில் பார்த்துவிட்டு, "இது அன்னைக்கு வச்சதா, அதோட தம்பியா?" என்று கேட்பார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் இன்னொரு கரண்டி விழும்.

இந்தப் பெருமாயிக்கு ஒரே மகள், சண்முகப்பிரியா. நாமக்கல்லில் கேட்டரிங் படித்தவள். கட்டிக்கொண்ட பிரேமும் அதே படிப்பு. இருவரும் சேலத்தில் ஓட்டல் வேலை பார்த்துச் சேர்த்ததை வைத்து, இந்த வைகாசியில் கோயில் ரோட்டில் ஆறு மேசை போட்டு ஒரு கடை திறந்தார்கள். பிரியா மெஸ். திறப்பு விழா அன்று பெருமாயி யாரையும் கேட்காமல் நேராக உள்ளே போனாள். கோழிக் குழம்பை உள்ளங்கையில் வாங்கினாள். கண்ணை மூடித் திறந்தபோது, இன்னும் முப்பது பேர் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை அந்தக் கண்ணுக்குள் வந்திருந்தது. இரண்டு சொம்புத் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். அதற்கு ஈடாகக் கைநிறைய உப்பை அள்ளிப் போட்டுக் கிண்டினாள். நூறு பிள்ளைகளுக்குச் சமைத்த கை. மகள் முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து வறுத்து அரைத்த மசாலா, அந்த வெள்ளத்தில் எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை.

சண்முகப்பிரியா அழவில்லை. கத்தவும் இல்லை. வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாகச் சொன்னாள். "அம்மா, இனிமே இந்தக் கடைக்குச் சாப்பிடறதுக்குன்னா வா. சமையக்கட்டுக்குள்ள மட்டும் வராத."

நான்கு மாதமாகப் பெருமாயி அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு இடத்துக்குச் சாப்பிட மட்டும் எப்படிப் போவது என்று அவளுக்குத் தெரியாது. போனில் பேசிக்கொள்வார்கள். "அங்க மழையாம்மா?" என்று மகள் கேட்பாள். அவள் இருப்பதும் அதே மலையில், பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. "ஆமா கண்ணு, மழைதான்" என்று இவள் சொல்வாள். அத்தோடு போனை வைத்துவிடுவார்கள்.

காலாண்டுப் பரீட்சை லீவு வந்தது. ஆடித் திருவிழாக் கூட்டம் கீழே இறங்கிப் போய், மலைக் கடைகளின் மேசைகளில் ஈ மட்டும் உட்கார்ந்திருந்த சமயம். கடைக்காரர்கள் கூடிப் பேசி, 'கொல்லிமலை சாப்பாட்டு வாரம்' என்று செம்மேட்டில் பிளக்ஸ் கட்டினார்கள். ஏழு நாள், ஏழு கடை. ஒவ்வொரு கடையும் தன் முறை வரும் நாளில் ஒரு மலைச் சாப்பாட்டைப் பாதி விலைக்குப் போடும். கையில் ஒரு கார்டு. ஏழு கடையிலும் சீல் வாங்கிவிட்டால் கால் கிலோ மிளகு பரிசு.

கார்டு மூன்று வாங்கி வந்தவள் ருக்குமணி. பள்ளிக்கூடத்துக்கு எதிரில் தையல் மிஷின் போட்டிருப்பவள். ஊரில் பாதிப் பெண்களின் ஜாக்கெட் அளவும், எல்லாப் பெண்களின் கதையும் அவளிடம் உண்டு. ஒரு கார்டு தனக்கு, ஒன்று பெருமாயிக்கு, மூன்றாவது மாதம்மாளுக்கு. மாதம்மாள் மூவரில் மூத்தவள். மரவள்ளியும் மிளகும் விளைவிக்கிறாள். வாயில் சோறு இருக்கும்போது பேச மாட்டாள். இல்லாதபோதும் அதிகம் பேச மாட்டாள்.

அவளே வாய் திறந்தாள். "ஏழு நாளு அலைஞ்சா மொளகுதான் பரிசா? என்ற தோட்டத்துல குருவி தின்னது போகவே அதுக்கு மேல கெடக்குது."

"மொளகு கெடக்கட்டும் உடுங்கக்கா. ஏழாவது கடை எதுன்னு பெருமாயக்காவப் பாக்கச் சொல்லுங்க."

பெருமாயி பார்த்தாள். கார்டின் கடைசிக் கட்டத்தில் 'ஞாயிறு, பிரியா மெஸ்' என்று அச்சடித்திருந்தது. கார்டைத் திருப்பி மேசைமேல் வைத்தாள்.

"நான் வரல ருக்கு."

"சாப்பிடறதுக்குன்னா வான்னுதான அக்கா உன்ற மக சொன்னா? சாப்பிடத்தான போறோம்."

"போயி ஒக்காந்தா கை சும்மா இருக்கோணுமே."

"அதுக்குத்தான் மொத ஆறு கடை. பழகிக்க."

இப்படியாக ஐம்பத்திரண்டாவது வயதில் பெருமாயி, உட்கார்ந்து சாப்பிடப் பழகப் புறப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமை மகள் கடையில் ஒரு விருந்தாளியாக இருந்து, ஒரு இலை சாப்பிட்டுவிட்டு, எதையும் கிண்டாமல் எழுந்து வந்தால் போதும். அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் திங்கட்கிழமை பஸ் ஏறும்போது, கணக்குப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு இருக்குமே ஒரு முகம், அந்த முகத்தோடு ஏறினாள். இந்தத் தடவை தவறினால் மகள் 'சாப்பிட வா' என்ற அழைப்பையும் திரும்ப எடுத்துக்கொள்வாள். அது அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை, செம்மேடு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடை. ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். மூன்று தட்டு வந்தது. ருக்குமணி களியைக் கிள்ளுவதற்குள் அவள் குழம்பிலிருந்து ஒரு சொட்டு பெருமாயியின் உள்ளங்கைக்குப் போய்விட்டது. அடுத்தது மாதம்மாளின் தட்டு. அதற்கப்புறம்தான், "ம், சாப்பிடலாம்" என்று உத்தரவு வந்தது.

"ஏக்கா, மூணும் ஒரே சட்டியில இருந்து வந்த கொழம்பு."

"இருக்கட்டும். பாத்துட்டா மனசு நிக்கும்."

மனசு அந்த மேசையோடு நிற்கவில்லை. பக்கத்து மேசையில் அடிவாரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். நான்கு வயதுப் பெண் குழந்தை தட்டில் கை வைக்கப் போன நேரம், இந்தப் பக்கமிருந்து ஒரு கை நீண்டு அந்தக் குழம்பையும் ஒரு சொட்டு எடுத்துக்கொண்டது. குழந்தையின் அம்மா எழுந்தே விட்டாள்.

"ஏனுங்க, எம்புள்ள தட்டுல எதுக்குங்க கைய வெக்கறீங்க?"

"காரம் சாஸ்தியான்னு பாத்தனுங்க. சரியாத்தான் இருக்குது. ஊதித் தின்னு சாமி."

அந்தக் குடும்பம் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கடைக்கோடி மேசைக்குப் போனது. "மொத நாளே முட்டை மார்க்கு," என்றாள் ருக்குமணி. மாதம்மாள் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சோளக்காடு ஊரில் கலைமணியின் கடை. வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் கருவாட்டுக் குழம்பும். பெருமாயி அன்றைக்குப் பக்கத்து மேசைப் பக்கம் திரும்புவதே இல்லை என்ற தீர்மானத்தோடு உட்கார்ந்தாள். திரும்பவும் இல்லை. எழுந்து நின்றாள். ஒற்றை விரலை நீட்டி, கடையில் இருந்த தலைகளையும் வாசலில் நின்ற தலைகளையும் எண்ணினாள். முப்பத்திநான்கு. பிறகு பரிமாறும் மேசையில் இருந்த கிழங்குச் சட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கல்லாவில் இருந்த கலைமணியிடம் சொன்னாள்.

"ஏனுங்க தம்பி, கெழங்கு இருபத்தஞ்சு பேருக்குத்தான் வரும். இப்பவே இன்னொரு சட்டி ஏத்திருங்க."

கலைமணி நாற்பது வயது ஆள், நிதானமானவர். அவர் அந்த அம்மாளை ஒரு கணம் பார்த்தார். முதல் வாய்க்கு முன்னால் உள்ளங்கையில் ருசி பார்த்ததைப் பார்த்திருந்தார். தலை எண்ணுவதைப் பார்த்தார். தோளில் தொங்கிய துணிப்பையைப் பார்த்தார். இரண்டு பெண்கள் உடன் வந்திருப்பதையும் பார்த்தார். பார்த்ததையெல்லாம் கூட்டிப் போட்டதும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. சாப்பாட்டு வாரத்தைச் சோதிக்க மேலிடம் ரகசியமாக ஆள் அனுப்பியிருக்கிறது.

"மேடம்," என்று பக்கத்தில் வந்து நின்றார். "உள்ள வந்து பாக்கறீங்களா மேடம்? சமையக்கட்டெல்லாம் சுத்தமாத்தான் வெச்சிருக்கறோம்."

பெருமாயியை இதுவரை யாரும் மேடம் என்றதில்லை. அது அவள் காதிலேயே ஏறவில்லை. 'உள்ள வந்து பாக்கறீங்களா' என்பது மட்டும் ஏறியது. விசை தட்டிய மாதிரி எழப் போனாள். எழ முடியவில்லை. முந்தானையை ருக்குமணி காலால் மிதித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம் இன்னைக்கு உள்ள வரமாட்டாங்க," என்றாள் ருக்குமணி, ஜாக்கெட் துணி அளக்கிற அதே கம்பீரத்தோடு. "மேடத்துக்கு ஒரு அப்பளம் கொண்டாங்க."

புதன்கிழமைக்குள் செய்தி அவர்களுக்கு முன்னால் பஸ் ஏறிப் போய்விட்டிருந்தது. மூன்றாவது கடையில் பரிமாறுகிறவர் தலையில் புதுத் தொப்பி. விலைச் சீட்டு இன்னும் அதில் ஆடிக்கொண்டிருந்தது. இலையை மூன்று தடவை கழுவினார்கள். கடைக்காரர் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு முதுகுப் பக்கம் நின்றார். திரும்பிப் பார்த்தால் சிரித்தார். ஏமாற்று வேலை பெருமாயிக்கு ஆகாது. கை கழுவப் போன இடத்தில் அவரைத் தனியாக நிறுத்தி உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"நான் ஆபீசரெல்லாம் இல்லீங்க. பள்ளிக்கூடத்துல சோறாக்கறவ."

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "புரியுதுங்க மேடம். யாருகிட்டயும் சொல்லமாட்டனுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாதம்மாள் அன்றைய ஒரே பேச்சைப் பேசினாள். "நாளைக்கும் மேடமாவே இருந்துக்க பெருமாயி. பாயசம் ரெண்டு தடவை வந்துது."

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் மூக்கைத் தேய்த்துக்கொண்டு போனது. அன்றைய கடையில் அவர்கள் மூவரைத் தவிர ஆளில்லை. எண்ணத் தலை இல்லாததால் பெருமாயி சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். தட்டு எப்போதும் அவள் கையிலிருந்து புறப்பட்டுப் போகும். அது எதிர்ப்பக்கமிருந்து தன்னை நோக்கி வந்து மேசையில் இறங்குவதை அவள் பார்த்ததே இல்லை. யாரோ தன் பேருக்குக் கடிதம் போட்ட மாதிரி இருந்தது. பிரிப்பதற்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. அன்றைக்கு ருக்குமணியின் தட்டில் அவள் கை போகவில்லை. ருக்குமணிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "என்னக்கா, பாக்கலயா?" என்று தட்டைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை முடவாட்டுக்கால் கிழங்கில் சூப் போட்ட கடையில் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு குடித்தாள். சனிக்கிழமை அதுவும் தேவைப்படவில்லை. உதடு மட்டும் தலைகளை எண்ணியது. அது வெளியே தெரியாது.

அன்று சாயங்காலம் பிரேமிடமிருந்து போன்.

"அத்தை, நாளைக்கு நம்ம கடைக்கு வர்றீங்களாமா?"

"யாரு சொன்னாங்க மாப்ள?"

"கடைக்காரங்க வாட்சப் குரூப்புல உங்க போட்டோ ஓடுதுங்க. இந்த ஆபீசரம்மா வந்தா ஜாக்கிரதைன்னு. கொழம்பக் கையில வெச்சுக்கிட்டுக் கண்ணை மூடியிருக்கறீங்க."

பெருமாயி கேட்டது வேறு. "பிரியா பாத்துதுங்களா?"

"பாத்துச்சுங்க."

"என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலீங்க. உள்ள போயி ஏனமெல்லாம் வெளக்குச்சு. சத்தம் கொஞ்சம் சாஸ்தியா வந்துது."

ஞாயிற்றுக்கிழமை மூவரும் கோயில் ரோட்டில் இறங்கியபோது மணி பன்னிரண்டரை. ஆறு மேசையில் நான்கு நிறைந்திருந்தது. பிரேம் வாசல் வரை வந்து, "வாங்கத்தை, வாங்கக்கா" என்று சுவர் ஓரத்து மேசையைக் காட்டினான். சமையலறைக்கும் மேசைகளுக்கும் நடுவில் ஒரு ஜன்னல். அதன் வழியாகச் சாப்பாட்டை வெளியே வைக்கிற கை மட்டும் தெரிந்தது. இரண்டு கண்ணாடி வளையல், மணிக்கட்டில் சூடு பட்ட தழும்பு. பெருமாயி அந்தக் கையைப் பார்த்தாள். கை அவளைப் பார்க்கவில்லை. உள்ளே போய்விட்டது.

இலை விழுந்தது. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். "இது மொத சாப்பாடுங்க. ஸ்பெசல் பத்து நிமிசத்துல ரெடியாயிரும்," என்றான் பிரேம். என்ன ஸ்பெசல் என்று பெருமாயி கேட்கவில்லை. விருந்தாளி எதற்குக் கேட்க வேண்டும்? வந்ததைச் சாப்பிட்டாள். மொச்சைக் குழம்பில் உப்பு ஒரு கல் குறைச்சல். அந்தக் கருத்தைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினாள். ருக்குமணி பார்த்தாள், கண்ணாலேயே பாஸ் மார்க் போட்டாள்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. முதலில் ஒரு நூலாக வந்தது. பிறகு கயிறாகத் திரிந்தது.

"அடிப்பிடிக்குது," என்றாள் பெருமாயி.

"எனக்கொண்ணும் தெரியலியே."

"உன்ற மூக்கு மூக்குத்தி போடத்தான் இருக்குது. சோறு அடிப்பிடிக்குது ருக்கு. பெரிய சட்டி. தீய எறக்கோணும்."

"பேசாம சாப்பிடுக்கா."

பெருமாயியால் முடியவில்லை. நான்கு மேசை ஆட்கள். வெளியே ஒரு வேன் வேறு வந்து நிற்கிறது. இன்னும் மூன்று நிமிடம் விட்டால் சட்டி முழுக்க அந்த வாடை ஏறிவிடும். வந்தவர்கள் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு எழுந்து போவார்கள். மகளின் கடைக்குக் கெட்ட பெயர். உள்ளே ஓடித் தடுக்கலாம். ஓடினால் இந்த வாசலே இனிமேல் இல்லை. பாதி எழுந்தாள். முந்தானை இழுத்தது.

"காலை எடு ருக்கு."

"மாட்டேன்."

"சட்டி கருகுது!"

"கருகட்டும். அது உன்ற சட்டி இல்லக்கா. அவ சட்டி."

பெருமாயி உட்கார்ந்தாள். மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். அப்புறம், விருந்தாளிக்கு ஒரு உரிமை உண்டு என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. இந்த ஆறு நாளில் ருக்குமணியைப் பார்த்துக் கற்றதுதான். விருந்தாளி கேட்கலாம்.

"மாப்ள!" என்று கூப்பிட்டாள். "எனக்கு இன்னொரு கரண்டி சோறுங்க. அடியில கரண்டி படாம, மேலாப்புல மட்டும் எடுத்து, வேற ஏனத்துக்கு மாத்தி, அதுல இருந்து போடச் சொல்லுங்க."

பிரேம் திகைத்தான். "வேற ஏனத்துக்குங்களா?"

"ஆமாங்க. அடுப்ப அணைச்சுப்போட்டு மாத்தச் சொல்லுங்க."

"ஒரு கரண்டிச் சோத்துக்கு இப்படியொரு ஆர்டரு," என்று ருக்குமணி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஜன்னலுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. சண்முகப்பிரியா வெளியே வந்தாள். தலையில் வலைத் தொப்பி, கையில் தோசைக் கரண்டி. நான்கு மாதத்தில் கொஞ்சம் இளைத்திருந்தாள். மேசைக்கு முன்னால் வந்து நின்று, வேறு யாரோ வாடிக்கையாளரிடம் பேசுவது போலவே கேட்டாள்.

"யாருங்க மேலாப்புல கேட்டது?"

"நான்... நானுங்க," என்றாள் பெருமாயி.

"அடுப்ப அணைக்கச் சொன்னதும் நீங்கதானுங்களா?"

"வாசம் வந்துதுங்க. சாப்பிட வந்தவங்க கேக்கக் கூடாதுங்களா?"

"கேக்கலாங்க. ஆனா மேலாப்புல இருக்கறதுக்கு இங்க யாரும் வரலீங்க."

உள்ளே போனவள் ஒரு கனத்த இரும்புச் சட்டியோடு வந்தாள். மேலே இருந்த சோறு முழுக்க எடுத்தாகிவிட்டது. சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததைத் தோசைக் கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றிக் கவிழ்த்தாள். பொன்னும் பழுப்புமாக ஒரு முழு வட்டம் விழுந்தது. கையால் உடைத்தபோது சத்தம் வந்தது. அதன்மேல் நெய்யை ஊற்றி, அரிந்த சின்ன வெங்காயமும் இடித்த மிளகும் தூவி, பெருமாயியின் இலையில் ஒரு துண்டை வைத்தாள்.

"எங்க கடை ஸ்பெசல். சாமைக் காந்தல்."

பெருமாயி இலையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். சோறு அடிப்பிடித்தால் சட்டியில் ஒட்டிக்கொள்ளுமே, அந்தக் காந்தல். சுரண்டிக் கொட்டுகிற காந்தல். அதற்கு நெய்.

விருந்தாளி அந்த நிமிடமே செத்துப்போய், சமையலர் எழுந்துவிட்டாள். "காந்தலையா எலையில வெக்கற? அடிப்பிடிச்ச சோத்த நாலு பேரு முன்னால வெக்க வெக்கமா இல்லியா கண்ணு? என்ற இருபத்தாறு வருச சர்வீசுல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, சோறு அடிப்பிடிச்சுதுன்னு யாராவது சொல்லட்டும் பாக்கலாம்!"

சண்முகப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"அப்ப எனக்கு நீ குடுத்தது என்னம்மா?"

"எது?"

"நான் ரெண்டாவது படிக்கறப்ப. எல்லாரும் சாப்பிட்டுப் போனதுக்கப்புறம் சமையக்கட்டுப் பொறத்தால கூப்பிட்டு, முந்தானையில மறைச்சு வெச்சிருந்து குடுப்பியே. மொறுமொறுன்னு. 'யாருகிட்டயும் சொல்லாத சாமி, உனக்கு மட்டுந்தான்'னு. வாரத்துக்கு ரெண்டு நாளாவது குடுப்பியே."



"அடப் பாவி அக்கா," என்றாள் ருக்குமணி. "தடயத்த அழிக்கத்தான் புள்ளைய வளத்தியா?"

மாதம்மாளுக்கு வாய் நிறையச் சோறு. புரையேறும் அளவுக்குச் சிரித்தாள்.

பெருமாயி சிரிக்கவில்லை. அப்போது ஈர விறகு, பெரிய அண்டா, பழகாத கை. பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் கறாரான மனிதர். வேலை நிலைக்குமா என்று ஒவ்வொரு மாதமும் பயம். காந்தலைக் குப்பையில் கொட்டினால் கண்ணில் படும். நாய்க்குப் போட்டால் நாய் வாசல் வரை தூக்கிக்கொண்டு வந்து காட்டிக்கொடுக்கும். மகள்தான் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றாள், யாரிடமும் சொல்லவும் மாட்டாள். அதை அந்தப் பிள்ளை வேறு கணக்கில் வைத்திருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"பயத்துலதான் கண்ணு குடுத்தேன்," என்றாள் சின்னக் குரலில்.

"தெரியும். காலேஜுக்குப் போயிதான் தெரிஞ்சுது, அது தீஞ்ச சோறுன்னு. அதுக்குள்ள எனக்குப் புடிச்சுப் போச்சு." சட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "இப்ப சேலத்துல இருந்து இதுக்குன்னே வாராங்க. தின்னு பாத்துச் சொல்லு."

பெருமாயி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். கடித்தாள். இரண்டு பக்கத்திலிருந்தும் சிநேகிதிகள் அவள் வாயையே பார்த்தார்கள். மகளும் போகாமல் நின்றாள்.

"நெய்யி கொஞ்சம் தூக்கல்."

"நான் அப்படித்தான் ஊத்துவேன்."

"ஊத்திக்க," என்றாள் பெருமாயி. இன்னொரு துண்டை எடுத்தாள்.

இதற்குள் வாசலில் நின்ற வேனிலிருந்து பன்னிரண்டு பேர் இறங்கி உள்ளே வந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு கார். பிரேம் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடினான். சமையலறைக்குள் எதுவோ கீழே விழுந்து உருண்டது. ஜன்னலில் சண்முகப்பிரியாவின் முகம் தெரிந்தது. நெற்றி வியர்வையில் முடி ஒட்டியிருந்தது.

"அம்மா! செத்த உள்ள வரயா? வெங்காயம் அரிய ஆளில்ல."

ருக்குமணி மெதுவாக முந்தானையிலிருந்து காலை எடுத்தாள். மாதம்மாள் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பெருமாயி ஜன்னலைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள். இலையில் இன்னும் பாதிக்கு மேல் காந்தல் இருந்தது.

"எலையில சோறு இருக்குது கண்ணு," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "தின்னுபோட்டு வாரேன்."

பிறகு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருந்த பிரேமை நிறுத்தி, குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.